பழைய கார்டு விலைக் கணிப்புகளை உரசிப் பார்ப்பது எப்படி?

“இந்தக் கார்டை இப்பவே வாங்கி வெச்சுக்கோ, அடுத்த வருஷம் ரெண்டு மடங்கு போகும்.” போகிமான் கார்டு சேர்க்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. எங்கள் வேலூரில், காட்பாடிப் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவர்கள் பலர் இந்தக் கார்டுகளை வாங்குகிறார்கள், விற்கிறார்கள், மாற்றிக்கொள்கிறார்கள். சத்துவாச்சாரியில் பள்ளிக்கூடம் போகும் என் அண்ணன் மகனும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான். “சித்தப்பா, இது ஏறுமாம், வீடியோல சொன்னாங்க” என்று வந்து நிற்பான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “அவர் போன வருஷம் சொன்னதெல்லாம் என்ன ஆச்சு?”

இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வானிலை ஆய்வாளர்களும் பொருளாதாரக்காரர்களும் நூறு வருஷத்துக்கு மேலாகத் தேய்த்துத் தேய்த்து உருவாக்கிய முறை. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும். பிள்ளைகளின் உண்டியல் காசும், கல்லூரி மாணவர்களின் பகுதிநேரச் சம்பளமும் இந்தக் கணிப்புகளை நம்பித்தான் போகின்றன. அதனால் இதை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் கார்டுகளைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட கார்டுகளுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. விளையாடுவதற்கும் சேர்ப்பதற்குமான கார்டு ஆட்டங்களில் மேஜிக் த கேதரிங் 1993-ல் வந்தது. போகிமான் கார்டுகள் ஜப்பானில் 1996-லும் ஆங்கிலத்தில் 1999-லும் வந்தன. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் ஒரு காலத்தில் தொங்கிய மல்யுத்த ட்ரம்ப் கார்டுகளும் கிரிக்கெட் கார்டுகளும் இதே குடும்பம்தான். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஃபேன்சி ஸ்டோர்களில் பளபளவென்று தங்க நிறத்தில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும் போகிமான் கார்டுகள் போலி. விளையாட வாங்கித் தரலாம், தப்பில்லை. ஆனால் அவற்றுக்கு மறுவிற்பனை விலை கிடையாது, கணிப்பும் தேவையில்லை.

எதைக் கணிப்பு என்று எடுத்துக்கொள்வது?

“சாரிசார்ட் ஏறும்” என்பது கணிப்பு ஆகாது. சாரிசார்ட் என்பது போகிமானில் வரும் நெருப்பு கக்கும் பிராணி. ஆனால் எந்தச் சாரிசார்ட்? ஒன்றாக வெளியிடும் கார்டுத் தொகுப்பைச் செட் என்பார்கள். 1999-ல் வந்த ஆங்கில பேஸ் செட்டில் 102 கார்டுகள், அதில் நான்காம் எண் சாரிசார்ட். அந்த ஒரே படத்திலேயே முதல் பதிப்பு முத்திரை உள்ளது, முத்திரை இல்லாமல் படத்தின் ஓரத்தில் நிழலும் இல்லாதது, பிறகு ஏராளமாக அச்சான சாதாரணப் பதிப்பு என்று வகைகள் உண்டு. ஒன்றின் விலைக்கும் இன்னொன்றின் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அதற்கு மேல் கார்டின் நிலை. பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் கார்டைப் பரிசோதித்து 1 முதல் 10 வரை தரம் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. தரம் 10 வாங்கிய கார்டும் தரம் 8 வாங்கிய கார்டும் சந்தையில் இரண்டு வேறு சரக்குகள்.

ஆகவே அளக்கத் தகுந்த கணிப்பில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: எந்தப் பதிப்பு, என்ன நிலை, எந்தத் தேதிக்குள், எந்த இடத்தில் எடுத்த விலை. “இந்த செட்டின் இந்த எண், தரம் போடாத நல்ல நிலைக் கார்டு, டிசம்பர் முடிவில் இபே இணையச் சந்தையில் விற்று முடிந்த விலையில் 1500 ரூபாய்” என்று ஒருவர் சொன்னால் அதை மனதார மதிக்கலாம். தப்பாகிப் போனாலும்கூட அவர் நம்மை அளக்கவிட்டவர்.

பழைய கணிப்புகளில் பாதிக்கு மேல் இப்படி இருக்காது. “நல்லா போகும்”, “தூங்குற கார்டு, முழிக்கும்” என்கிற ரகம். இவற்றை என்ன செய்வது? முடிந்தவரை நியாயமாக ஓர் எண்ணாக மாற்றலாம். உதாரணமாக, “நல்லா போகும்” என்றால் ஒரு வருஷத்தில் 20 சதவீதமாவது ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த முடிவை இன்றைய விலையைப் பார்ப்பதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். பார்த்த பிறகு எடுத்தால், பிடித்தவர் சொன்னது சரியாகும்படியும் பிடிக்காதவர் சொன்னது தப்பாகும்படியும் மனசு தானாக வளைத்துக்கொள்ளும். பாரூக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் 1975-லேயே இதைச் சோதனை போட்டுக் காட்டினார்: முடிவு தெரிந்துவிட்டால், அது முன்னமே தெரிந்திருந்தது போல மனிதர்களுக்குத் தோன்றிவிடுகிறது.

எந்த வகையிலும் எண்ணாக மாற்ற முடியாத கணிப்புகளைத் தூக்கி எறியக் கூடாது. தனியாக எழுதி, எத்தனை என்று எண்ணி வையுங்கள். ஒருவர் சொன்ன நாற்பதில் முப்பது அளக்கவே முடியாதவை என்றால், அதுவே அவரைப் பற்றிய முக்கியமான தகவல்.

விலை என்றால் எந்த விலை?

வேலூருக்குப் பக்கத்தில் பொய்கையில் செவ்வாய்க்கிழமை கூடும் மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாட்டுக்காரர் வாயால் சொல்லும் விலை ஒன்று, மாடு கைமாறும்போது எண்ணித் தரும் பணம் இன்னொன்று. இபேயில் ஒருவர் ஒரு கார்டுக்கு 50,000 ரூபாய் என்று போட்டு வைத்திருப்பது முதல் வகை. விற்று முடிந்தவை என்று வடிகட்டிப் பார்த்தால் வருவது இரண்டாவது வகை. கார்டுகள் விற்கும் டிசிஜிபிளேயர் தளத்தில் ‘மார்க்கெட் பிரைஸ்’ என்று காட்டுவதும் சமீபத்தில் நடந்த விற்பனைகளை வைத்துத்தான். மதிப்பீட்டுக்கு இரண்டாவது வகை விலை மட்டும்தான் உதவும். வாட்ஸாப் குழுவில் “எனக்கு இவ்வளவுக்குக் கேட்டாங்க, கொடுக்கல” என்று சொல்வதும் விலை ஆகாது.

ஒரே ஒரு விற்பனையையும் நம்ப வேண்டாம். குறித்த தேதிக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரத்தில் நடந்த ஐந்தாறு விற்பனைகளை எடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் இரண்டு பேர் வீம்புக்கு ஏற்றிவிட்ட விலையோ, அவசரத்துக்கு ஒருவர் தள்ளிவிட்ட விலையோ நடு எண்ணை அசைக்காது. சராசரியை அசைத்துவிடும்.

ஒற்றை விற்பனை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் படத்தோடு ஃப்ளீர் நிறுவனம் வெளியிட்ட 1986 கார்டு நல்ல சாட்சி. பிஎஸ்ஏ தரம் 10 பெற்ற அந்தக் கார்டு 2021 ஜனவரி கடைசியில் 7,38,000 டாலருக்கு ஏலம் போனது. செய்தி உலகமெங்கும் பரவியது, இன்னும் ஏறும் என்று ஏகப்பட்ட பேர் பேசினார்கள். அடுத்த சில மாதங்களுக்குள்ளேயே அதே தரத்துக் கார்டு அந்த விலையில் பாதிக்கும் கீழே கைமாறியது. உச்சத்தில் நடந்த ஒரு விற்பனையை ‘இன்றைய விலை’ என்று எடுத்துக்கொண்டு கணித்த அத்தனை பேரும் தொடக்கப் புள்ளியிலேயே தவறிவிட்டார்கள்.

பிழையை அளப்பது

இப்போது கணக்குக்கு வருவோம். விளக்கத்துக்காக நானே போட்ட எண்கள் இவை. ஒருவர் ஜனவரியில் ஒரு வீடியோவில் ஐந்து கார்டுகளைச் சொல்லி, டிசம்பரில் என்ன விலை இருக்கும் என்று கணிக்கிறார்.

முதல் கார்டு: ஜனவரி விலை 1000, கணிப்பு 1500, டிசம்பரில் நடந்தது 1100.
இரண்டாவது: 2000, கணிப்பு 3000, நடந்தது 1800.
மூன்றாவது: 500, கணிப்பு 800, நடந்தது 900.
நான்காவது: 4000, கணிப்பு 5000, நடந்தது 3600.
ஐந்தாவது: 800, கணிப்பு 1000, நடந்தது 850.

வருஷக் கடைசியில் அவர் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். “ஐந்தும் ஏறும் என்றேன், மூன்று ஏறிவிட்டது. மூன்றாவது கார்டு நான் சொன்னதைவிடவும் மேலே போய்விட்டது.” இதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் பணம் போட்டவருக்கு ஏறுமா இறங்குமா என்பது மட்டும் போதாது, எவ்வளவு என்பதும் வேண்டும்.

ஒவ்வொரு கார்டுக்கும் கணிப்புக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை எடுங்கள், கூட்டல் கழித்தல் குறியைப் பார்க்காமல்: 400, 1200, 100, 1400, 150. மொத்தம் 3250, ஐந்தால் வகுத்தால் சராசரிப் பிழை 650 ரூபாய். அப்புறம் அதையே குறியோடு கூட்டுங்கள். நான்கு கார்டுகளில் கணிப்பு அதிகம், ஒன்றில் மட்டும் 100 குறைவு. ஆக 3050, சராசரியாக 610 ரூபாய் மேலே. இந்த இரண்டாவது எண்ணைச் சாய்வு என்று வைத்துக்கொள்வோம். பிழை 650, சாய்வு 610 என்றால் அர்த்தம் தெளிவு: இவர் அங்கும் இங்குமாகத் தவறவில்லை, ஏறக்குறைய எப்போதும் ஒரே பக்கம், மேல் பக்கம் தவறுகிறார். கார்டு விலைக் கணிப்புகளில் இந்த மேல்பக்கச் சாய்வைத்தான் முதலில் தேட வேண்டும். கணிப்பவர் கையில் அதே கார்டு இருக்கலாம், அல்லது அவர் கடை வைத்திருக்கலாம். அவர் கெட்டவர் என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் சாய்வு எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், அடுத்த முறை அவர் சொல்வதிலிருந்து அதைக் கழித்துக்கொள்ளலாம்.

சரி, 650 ரூபாய்ப் பிழை பெரிதா சிறிதா? தனியாகப் பார்த்தால் சொல்லவே முடியாது. இதைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொள்வதானால் அடுத்து வருவதை வைத்துக்கொள்ளுங்கள்.

சோம்பேறிக் கணிப்பு

எதையும் யோசிக்காத ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். அவரிடம் எந்தக் கார்டைப் பற்றிக் கேட்டாலும், “இன்றைக்கு என்ன விலையோ அதே விலைதான் டிசம்பரிலும்” என்பார். மேலே உள்ள ஐந்து கார்டுகளுக்கு அவருடைய பிழைகள்: 100, 200, 400, 400, 50. மொத்தம் 1150, சராசரி 230 ரூபாய். வீடியோ போட்டவரின் பிழை 650, ஒன்றுமே செய்யாதவரின் பிழை 230. இரண்டையும் வகுத்தால் சுமார் 2.8. இந்த எண் 1-க்குக் கீழே இருந்தால் கணிப்பாளர் சோம்பேறியை வென்றார். 1-க்கு மேலே போனால், அவர் பேச்சைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் துல்லியம் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு 1884-ல் நடந்த ஒரு சம்பவம் இன்றைக்கும் பாடமாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் ஜான் ஃபின்லி என்பவர் எந்தெந்தப் பகுதியில் சூறாவளிச் சுழல் வரும், எங்கே வராது என்று கணித்துவந்தார். மொத்தம் 2803 கணிப்புகள். 96.6 சதவீதம் சரி என்று கணக்கு வந்தது. பிரமாதமான எண். ஆனால் அதே வருஷம் கில்பர்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். அந்த 2803-ல் சுழல் உண்மையாகவே வந்தது 51 முறை மட்டும். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு “வராது, வராது” என்று 2803 முறையும் சொல்லியிருந்தால், 98.2 சதவீதம் சரியாக இருந்திருக்கும்.

இதோடு நிறுத்திவிட்டால் ஃபின்லிக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். அவர் “வரும்” என்று சொன்னது 100 முறை, அதில் 28 முறை வந்தது. சாதாரணமாக 100-க்கு இரண்டு முறைகூட வராத ஒன்றை, அவர் கைகாட்டிய இடங்களில் 28 முறை பார்க்க முடிந்தது. “வராது” என்று மட்டுமே சொல்பவர் ஒரு குடும்பத்தைக்கூட எச்சரித்திருக்க மாட்டார். ஆக ஃபின்லியிடம் திறமை இருந்தது, அதைக் காட்டுவதற்கு 96.6 என்ற எண்தான் தகுதியில்லாத எண்.

கார்டுகளுக்கும் இதை அப்படியே பொருத்தலாம். ஒரு செட்டில் இருநூறு கார்டுகள் வந்தால், ஒரு வருஷத்தில் இரண்டு மடங்காவது ஒரு கைப்பிடிதான். “இதெல்லாம் ஏறாது” என்று பெரும்பாலானவற்றைத் தள்ளிவிட்டு 90 சதவீதத் துல்லியம் என்று சொல்லிக்கொள்வது எளிது. நாம் கேட்க வேண்டியது வேறு: இவர் ‘இரட்டிப்பாகும்’ என்று கைகாட்டிய கார்டுகளில் எத்தனை இரட்டிப்பானது? அந்த செட்டில் கண்ணை மூடி எடுத்தால் எத்தனை இரட்டிப்பாகியிருக்கும்? முதல் எண் இரண்டாவதைவிட நன்றாகப் பெரிதாக இருந்தால், அவர் பத்தில் ஏழு தவறவிட்டாலும் அவர் பேச்சில் சரக்கு இருக்கிறது.

சதவீதத்தில் ஒரு பொறி

ரூபாயில் பிழை எடுத்தால் விலை உயர்ந்த கார்டுகள் கணக்கை விழுங்கிவிடும். நம் உதாரணத்தில் நான்காவது கார்டு மட்டுமே 1400 ரூபாயைச் சேர்த்தது. அதனால் பலரும் சதவீதத்துக்குப் போகிறார்கள். நடந்த விலையால் வகுத்தால் வீடியோக்காரரின் சராசரிப் பிழை சுமார் 34 சதவீதம், சோம்பேறியின் பிழை சுமார் 16 சதவீதம். இங்கும் சோம்பேறிதான் ஜெயிக்கிறார்.

ஆனால் சதவீதத்துக்குள் ஓர் ஓரவஞ்சனை ஒளிந்திருக்கிறது. 2000 என்று கணித்து 1000-ல் முடிந்தால் பிழை 100 சதவீதம். 1000 என்று கணித்து 2000-ல் முடிந்தால் 50 சதவீதம். இரண்டிலும் இரண்டு மடங்குதான் தவறு, ஆனால் குறைத்துச் சொன்னவர் தப்பித்துக்கொள்கிறார். எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் அவர் பிழை 100-ஐத் தாண்டாது. கூட்டிச் சொன்னவருக்கோ எல்லையே இல்லை. இதைச் சரிசெய்ய, இரண்டு எண்களில் பெரியதைச் சிறியதால் வகுத்து ‘எத்தனை மடங்கு தவறினார்’ என்று எழுதிக்கொள்ளலாம். மடக்கை தெரிந்தவர்கள் இன்னும் நேர்த்தியாகச் செய்யலாம், தொடக்கத்துக்கு இந்த மடங்கே போதும்.

“எழுபது சதவீதம் ஏறும்” என்பவர்களை எப்படி அளப்பது?

நல்ல கணிப்பாளர்கள் அடித்துப் பேச மாட்டார்கள். “ஏற 70 சதவீதம் வாய்ப்பு” என்பார்கள். ஏறவில்லை என்றால் அவர் தவறா? 30 சதவீதம் இடம் விட்டிருக்கிறாரே! இதற்கு வானிலை ஆய்வாளர் க்ளென் பிரையர் 1950-ல் ஒரு வழி சொன்னார். நடந்தால் 1, நடக்கவில்லை என்றால் 0. சொன்ன வாய்ப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். 70 சதவீதம் என்று சொல்லி ஏறினால் 0.3-ன் வர்க்கம் 0.09. ஏறவில்லை என்றால் 0.7-ன் வர்க்கம் 0.49. மதிப்பெண் குறையக் குறைய நல்லது. எப்போதும் “பாதிக்குப் பாதி” என்று சொல்பவருக்கு 0.25 கிடைத்துக்கொண்டே இருக்கும். 90 சதவீதம் என்று அடித்துச் சொல்லித் தவறினால் 0.81. வீறாப்புக்குத் தண்டனை உண்டு, பயந்து நடுவில் நிற்பவருக்குப் பரிசும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த அளவுகோல் இது.

காணாமல் போனவை

தவறிய வீடியோக்கள் நீக்கப்படும், தவறிய பதிவுகள் மறையும், ஜெயித்தது மட்டும் “அப்பவே சொன்னேன்” என்று திரும்ப வரும். மிச்சம் இருப்பதை வைத்து அளந்தால் எல்லோருமே ஞானிகள். ஆகவே கணிப்பு வந்த அன்றைக்கே எழுதிவையுங்கள், தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒரு வருஷம் கழித்து அந்தக் கணிப்பாளரின் பக்கத்தில் போய்த் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

ஏன் தவறின?

பிழையை அளந்ததும் வேலை முடிந்துவிடாது. ஏன் தவறியது என்று பார்ப்பதில்தான் மதிப்பீட்டின் பலன் இருக்கிறது. 2020-லும் 2021 தொடக்கத்திலும் சொல்லப்பட்ட கணிப்புகளை எடுத்துப் பார்த்தால் ஒரே மாதிரியான ஓட்டை திரும்பத் திரும்பத் தெரிகிறது: யாருக்கு வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள், எத்தனை இருக்கிறது என்று போடவில்லை.

ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் பழைய கார்டுகளைத் தேடி எடுத்தார்கள், விலை ஏறியது. ஏறியதும் பரணில் கிடந்ததெல்லாம் தரம் போடுவதற்குப் பறந்தது. குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் 2021 மார்ச் கடைசியில் பிஎஸ்ஏ நிறுவனமே பெரும்பாலான புதிய சமர்ப்பிப்புகளை நிறுத்திவைத்தது. அந்தச் செய்தியைக் கேட்டுப் பலர் “தரம் போட்ட கார்டு இனி அரிதாகும், விலை ஏறும்” என்று நினைத்தார்கள். ஆனால் உள்ளே காத்திருந்த லட்சக்கணக்கான கார்டுகள் ஒருநாள் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? வந்தன. தரம் 10 பெற்றவை எத்தனை என்று அந்த நிறுவனம் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. மேலே சொன்ன ஜோர்டன் கார்டில் தரம் 10 மட்டுமே 300-க்கு மேல் உண்டு. உலகத்திலேயே ஒன்று என்பது போலப் பேசப்பட்ட கார்டு அது.

புதிய கார்டுகளுக்கு அச்சகம்தான் எதிரி. போகிமான் நிறுவனம் சொல்லும் கணக்குப்படி 2023 மார்ச் வரை உலகம் முழுக்க அச்சான கார்டுகள் 5290 கோடி, 2024 மார்ச் வரை 6480 கோடி. ஒரே வருஷத்தில் 1190 கோடி. தட்டுப்பாடு என்று விலை ஏறும் செட்டை அவர்கள் மறுபடி அச்சடிக்கலாம், அடித்தும் இருக்கிறார்கள். இதற்கு நேர்மாறான பக்கமும் உண்டு. மேஜிக் ஆட்டத்தில் 1995-ல் பழைய கார்டுகளை மறுபடி அச்சிட்டு ‘க்ரானிக்கிள்ஸ்’ என்ற செட்டை வெளியிட்டபோது, சேர்த்து வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். 1996-ல் அந்த நிறுவனம் குறிப்பிட்ட சில கார்டுகளை இனி எப்போதும் அச்சிடமாட்டோம் என்று ஒரு பட்டியலை அறிவித்தது. இரண்டு ஆட்டங்களிலும் ‘பழைய கார்டு’ என்று சொல்கிறோம், ஆனால் மறுஅச்சு என்ற அபாயம் ஒன்றில் இருக்கிறது, இன்னொன்றின் அந்தப் பட்டியலில் இல்லை. இதைப் பிரிக்காமல் போட்ட கணிப்புகளையெல்லாம் ஒரே கூடையில் வைத்து அளந்தால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

ஆகவே தவறிய ஒவ்வொரு கணிப்புக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: மறுஅச்சா, தரம் போட்ட எண்ணிக்கை கூடியதா, மொத்தச் சந்தையே இறங்கியதா, தொடக்க விலையே தப்பா? பத்து பதினைந்து வரி சேர்ந்ததும் அந்தக் கணிப்பாளர் எதைப் பார்க்கத் தவறுகிறார் என்று உங்களுக்கே தெரியவரும்.

வேலூரிலிருந்து பார்த்தால்

கணிப்பு டாலரில் வரும், காசு ரூபாயில் போகும். 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 73 ரூபாய், 2023 முடிவில் சுமார் 83. விலை 100 டாலரிலேயே நின்ற கார்டு நமக்கு 7300-லிருந்து 8300 ஆகியிருக்கும். “ஏறும்” என்று சொன்னவர் ரூபாய்க் கணக்கில் ஜெயித்தது போலத் தெரியும், கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எனவே கணிப்பாளரை அளக்கும்போது அவர் சொன்ன நாணயத்திலேயே அளந்துவிடுங்கள். நம் லாப நஷ்டத்தைத் தனியாக ரூபாயில் போட்டுக்கொள்ளலாம்.

அந்த லாபக் கணக்கும் துல்லியமும் வேறு வேறு. 1000 ரூபாய்க் கார்டு 20 சதவீதம் ஏறும் என்று ஒருவர் சொல்லி, மிகச் சரியாக 1200 ஆகிறது. விற்கும் தளம் சுமார் 13 சதவீதம் பிடித்துக்கொண்டால் கையில் 1044. பத்திரமாக அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்ப 100 ரூபாய் என்றால் மிச்சம் 944. கணிப்பு நூற்றுக்கு நூறு, நமக்கு 56 ரூபாய் நஷ்டம். வெளிநாட்டிலிருந்து வாங்கியிருந்தால் சுங்கவரியும் சேரும். கடைக்காரர் ஒருவருக்கு லாபம் தரும் அதே கணிப்பு, சத்துவாச்சாரியில் ஒற்றைக் கார்டு வைத்திருக்கும் பையனுக்குத் தராது.

எத்தனை பார்த்தால் போதும்?

ஐந்து கணிப்புகளை வைத்து யாரையும் தூக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டி ஏறும் இறங்கும் என்று சொன்னாலே, பத்தில் ஏழோ அதற்கு மேலோ சரியாக வருவதற்கு 17 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. அதாவது நாணயம் சுண்டும் ஆறு பேரில் ஏறக்குறைய ஒருவர் ‘பத்துக்கு ஏழு அடித்த நிபுணர்’ ஆகிவிடுவார். ஆயிரக்கணக்கானோர் கணிப்பு சொல்லும் இடத்தில் இப்படிப்பட்ட நிபுணர்கள் எத்தனை பேர் கிளம்புவார்கள் என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். முப்பது நாற்பது கணிப்புகளாவது சேரட்டும்.

அந்த நாற்பதும் ஒரே மாதத்தில் சொன்னவையாக இருந்தால் அதிலும் ஒரு சிக்கல். கார்டு விலைகள் பெரும்பாலும் கூட்டமாக ஏறும், கூட்டமாக இறங்கும். 2020 கோடையில் ‘எல்லாம் ஏறும்’ என்று நாற்பது கார்டுகளைச் சொன்னவர் நாற்பதிலும் ஜெயித்திருக்கலாம், ஆனால் அவர் உண்மையில் சொன்னது ஒரே கணிப்பு: சந்தை ஏறும். அதே ஆள் 2021 வசந்தத்தில் சொன்ன நாற்பதையும் சேர்த்து அளந்தால்தான் அவர் கார்டுகளைப் படிக்கிறாரா, காற்று அடிக்கும் பக்கம் சாய்கிறாரா என்று தெரியும். அதனால் ஒருவரின் கணிப்புகளை எடுக்கும்போது ஏறிய காலத்திலிருந்து பாதி, இறங்கிய காலத்திலிருந்து பாதி என்று எடுங்கள். சொன்ன கார்டு ஏறியதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அதே செட்டின் மற்ற கார்டுகள் சராசரியாக எவ்வளவு ஏறின என்பதையும் பக்கத்தில் ஒரு பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொன்ன கார்டு 30 சதவீதம் ஏறி, செட் முழுவதும் 35 சதவீதம் ஏறியிருந்தால், அந்த வரிக்கு நேரே தவறு என்றுதான் குறிக்க வேண்டும்.